அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரை நகரான செயின்ட் லூயிஸில் ஆற்று வணிகம் எப்படி வளர்ந்தது, ஏன் சரிந்தது?

நீராவிக்கு முன், மிசிசிப்பியின் நீரோட்டத்தை எதிர்த்துச் சரக்குப் படகைக் கொண்டுவருவது பெரும்பாடு. ஆட்கள் கரையோரம் நடந்து கயிற்றால் இழுப்பார்கள்; தெற்கே கழிமுகத்துக்கு அருகிலுள்ள நியூ ஆர்லியன்ஸிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும். 1817-இல் 'செபுலன் பைக்' என்ற நீராவிப் படகு முதன்முதலாக இந்த ஊருக்கு வந்தது. வடக்கே ஆழம் குறைவு என்பதால், பெரிய படகுகளின் சரக்கு இங்கேதான் சிறியவற்றுக்கு மாறியது. ஊர் பிழைத்ததே அதனால்தான். துறையில் அவ்வளவு நெரிசல்: 1849-இல் ஒரு படகில் பற்றிய தீ இருபதுக்கும் மேற்பட்ட படகுகளைச் சாம்பலாக்கி, ஊருக்குள்ளும் புகுந்தது.

சரிவுக்கு அந்தத் தீயைக் குறை சொல்ல முடியாது. காரணம் ரயில்தான். குளிர்காலத்தில் ஆறு உறையும், மழை பொய்த்தால் வற்றும். தண்டவாளத்துக்கு அந்தக் கவலை இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) தெற்கு மாநிலங்களுடனான வணிகம் முடங்க, ரயில் மையமான சிகாகோ முந்திக்கொண்டது. 1874-இல் இந்த ஊரில் ஆற்றைக் கடக்கும் ஈட்ஸ் பாலம் திறந்தபோது ரயில் ஆற்றின் மேலேயே ஓடியது. தானியம் ஏற்றிய தட்டைப் படகுகள் இன்றும் அதனடியில் போகின்றன.