ஏழு லட்சம் ரூபாய் படிப்பும் ஒரு கோடு போட்ட நோட்டும்: கடலூர் மஞ்சக்குப்பத்துத் தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் நீங்கள் மனைவி, மகள், மைத்துனர் ஆகியோரோடு என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்தபோது கேட்ட கேள்வி ஒன்று, என்னிடம் விட்டுச்சென்ற கவலை இன்னொன்று. சென்னையில் ஒரு தனியார் ஊடகக் கல்லூரியின் மூன்றாண்டு தொலைக்காட்சி இதழியல் படிப்பில் மகளைச் சேர்க்கலாமா என்பது கேள்வி. டிவி செய்தியில் இருப்பவர்கள் எல்லோருமே ஏதாவது ஒரு கட்சியின் ஆட்கள் என்று ஊர் பேசுகிறதே, நாளைக்கு நம் பெண்ணின் நெற்றியிலும் ஒரு கொடியை ஒட்டிவிடுவார்களே என்பது கவலை. அன்று, "மதிப்பெண் நன்றாக இருக்கிறது, பதற வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு யோசித்தபோது அந்த ஆறுதலால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்று தோன்றியது. அதனால் இப்போது வெளிப்படையாகவே எழுதுகிறேன்: அந்தக் கல்லூரியில் மகளைச் சேர்க்காதீர்கள். பொறியியல் கலந்தாய்வைப் பற்றியும் செவிலியர் படிப்பைப் பற்றியும் இங்கே நான் பேசப்போவதில்லை. அவற்றைச் சொல்லித்தரத் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். நீங்கள் காட்டிய சீட்டில் மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் 7 லட்சம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 12,000 என்று வைத்தால் அது தனியாக 4,32,000. ஆகக் கணக்கு 11 லட்சத்தைத் தாண்டுகிறது. உங்கள் எலக்ட்ரிக்கல் கடையின் மேல் ஏற்கெனவே ஒரு கடன் இருக்கிறது, மீதியை அம்மாவின் நகையை வைத்துப் புரட்டலாம் என்று மைத்துனர் சொன்னார். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது, நகை வீட்டிலேயே இருக்கட்டும். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு கல்லூரிக்கு, அதன் ஸ்டுடியோவையும் விளக்குகளையும் பார்த்து மயங்கி, ஒரு பையனை நானே அனுப்பிவைத்தேன். படிப்பு முடிந்து அவன் வேலைக்குப் போன இடத்தில் முதல் சம்பளம், அவன் அப்பா கட்டிக்கொண்டிருந்த மாதத் தவணையைவிடக் குறைவாக இருந்தது. அவர் இன்றும் என்னைக் கண்டால் சிரித்துவிட்டுத்தான் போகிறார். அந்தச் சிரிப்பை எதிர்கொள்வது எனக்குத்தான் கடினமாக இருக்கிறது.

அடுத்து உங்கள் கவலைக்கு வருகிறேன். அதை ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். தமிழ்த் தொலைக்காட்சியின் வரலாறே கட்சிகளின் நிழலில் வளர்ந்த வரலாறு. 1993இல் சன், 1999இல் ஜெயா, 2006இல் மக்கள், 2007இல் கலைஞர், 2010இல் கேப்டன் என்று ஒவ்வொன்றும் தொடங்கியபோதே எந்தக் கட்சியோடு, அல்லது எந்தக் கட்சிக் குடும்பத்தோடு சேர்ந்தது என்பதைப் பார்ப்பவர்கள் அறிந்தே இருந்தார்கள். அரசியல் கட்சிகள் ஒளிபரப்புத் துறையில் இறங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008இலும் 2012இலும் 2014இலும் பரிந்துரைத்தது. அவை பரிந்துரைகளாகவே நின்றுவிட்டன. எனவே சார்பு இருக்கிறது என்ற வரையில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அதற்கு நீங்களும் மைத்துனரும் கண்டுபிடித்த தீர்வுதான் எனக்குப் புரியவில்லை. "திரையில் முகம் தெரிகிற இடத்துக்குப் போய்விட்டால் கட்சிக்காரர்களே பயப்படுவார்கள், அவள் நடுநிலையாக வாசித்துவிட்டுப் போகட்டும்" என்றார் அவர். செய்தி வாசிப்பவர் டெலிபிராம்ப்டரில் ஓடும் வரிகளை வாசிக்கிறார். எந்தச் செய்தி முதலில் வர வேண்டும், எந்த பைட்டை, அதாவது பேட்டித் துண்டை, வெட்ட வேண்டும், விவாதத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் ஒப்பனை முடித்து வருவதற்கு முன்பே செய்தியைத் தொகுக்கும் டெஸ்க்கில் முடிவாகிவிடும். முகத்தில் நடுநிலையை வைத்துக்கொண்டு ஒருசார்பான செய்தியை வாசிக்க முடியும். தினமும் அது நடக்கிறது.

நீங்கள் மூவரும் கல்லூரியின் வண்ணப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மகள் தன் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து என்னிடம் காட்டினாள். அதை நீங்கள் இதுவரை திறந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது அவள் பதினோராம் வகுப்பில் இருந்தாள். மின்சாரம் திரும்பி வந்த நாளிலிருந்து ஒரு வாரம், தாத்தா பார்க்கும் அலைவரிசையின் ஏழு மணிச் செய்தியையும் நீங்கள் பார்க்கும் அலைவரிசையின் எட்டு மணிச் செய்தியையும் அவள் கோடு போட்டுக் குறித்துவைத்திருக்கிறாள். ஒரு கட்டத்தில் யார் பேசினார்கள், அடுத்ததில் எத்தனை விநாடி, அதற்கு அடுத்ததில் பின்னால் என்ன தெரிந்தது. ஒன்றில் நிவாரணப் பொட்டலம் வழங்கும் கைகள் நாற்பது விநாடி, மறியலில் உட்கார்ந்த பெண்கள் ஆறு விநாடி. மற்றதில் அப்படியே தலைகீழ். இரண்டிலும் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வந்தது, எப்போது எச்சரிக்கை தரப்பட்டது என்பதற்கு மொத்தமாகச் சேர்த்து ஒரு நிமிடம்கூட இல்லை. பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "ரெண்டு பேரும் தண்ணிய விட்டுட்டாங்க." வாசிக்க ஆசையா என்று கேட்டேன். "கேமரா முன்னாடி நிக்க எனக்குப் பிடிக்காது சார், இப்படி எழுதி வைக்கிறதுதான் பிடிக்கும்" என்றாள். அந்த அறையில் அன்று பேசப்பட்டவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ஒரு வாக்கியம்தான். பெரியவர்கள் நால்வரில் என்னைத் தவிர யாருடைய காதிலும் அது விழவில்லை.

அவள் தெரியாமலே செய்துகொண்டிருக்கும் வேலைக்கு உள்ளடக்கப் பகுப்பாய்வு என்று பெயர். செய்தியின் சார்பைக் குற்றச்சாட்டாகச் சொல்லாமல் எண்ணாக அளந்து காட்டுவது இதன் வேலை. 1970களில் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் தொலைக்காட்சிச் செய்திகளைப் பதிவுசெய்து இப்படித்தான் ஆராய்ந்தார்கள். வேலைநிறுத்தச் செய்திகளில் நிர்வாகத்தினர் அமைதியான அலுவலக அறையில் அமர்ந்தும், தொழிலாளர்கள் தெருவின் இரைச்சலுக்கு நடுவில் நின்றும் பேசுவதைச் சுட்டிக்காட்டினார்கள். பின்னால் என்ன தெரிந்தது என்று ஒரு கட்டம் போட வேண்டும் என உங்கள் மகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில், பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழ்ந்து அந்த நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வாக்களிக்கும் நாட்டில் இந்த எண்ணும் வேலை சட்டப்படியே நடக்கிறது. அரசியல்வாதிகள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசும் நேரத்தை நிறுவனங்கள் கணக்கிட்டு, ஆர்க்கோம் என்ற ஒழுங்குமுறை அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். அது 2022இல் உருவானது, அதற்கு முன் வேறு அமைப்பு அந்தக் கணக்கைப் பார்த்தது. 2018 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, மொத்த அரசியல் பேச்சு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு குடியரசுத் தலைவர் தரப்புக்கும் அரசுக்கும். மீதியைப் பிற கட்சிகளுக்கு அவற்றின் செல்வாக்கைப் பொறுத்துப் பகிர வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலின் அதிகாரப்பூர்வப் பிரசார நாட்களில் எல்லா வேட்பாளர்களுக்கும் சம நேரம். 2024 பிப்ரவரியில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம், அரசியல்வாதிகளின் நேரத்தை மட்டும் எண்ணினால் போதாது, நெறியாளரும் விமர்சகரும் விருந்தினரும் பேசுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் விவாத நிகழ்ச்சிகளில் "நடுநிலையாளர்" என்ற பட்டையோடு உட்காருபவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தீர்ப்புதான் நினைவுக்கு வருகிறது. அளப்பது நமக்கும் முற்றிலும் புதிதல்ல. 1998 முதல் தூர்தர்ஷனிலும் அகில இந்திய வானொலியிலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தேர்தல் காலத்தில் இலவச நேரம் தரப்படுகிறது. எல்லாருக்கும் ஒரே அடிப்படை நேரம், அதற்கு மேல் முந்தைய தேர்தலில் வாங்கிய வாக்கை வைத்துக் கூடுதல் நேரம் என்று பகிர்கிறார்கள். தனியார் செய்தி அலைவரிசைகள் தாமாகத் தரும் நேரத்துக்குத்தான் இங்கே இப்படி ஒரு கணக்குப் பிள்ளை இல்லை.

இந்த வேலையின் உயிர் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதனால்தான் நான் மகளுக்கு இதழியலுக்குப் பதிலாகப் புள்ளியியலைப் பரிந்துரைக்கிறேன். ஒருவர் தனியாக உட்கார்ந்து "இது ஆளுங்கட்சிக்குச் சாதகம்" என்று குறித்தால் அது அவருடைய அபிப்பிராயம், அவ்வளவுதான். அதனால் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் அதே செய்திகளைக் குறிக்க வேண்டும். நூறு துண்டுகளில் எண்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் தலா பாதியைச் சாதகம் என்று குறித்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே ஐம்பதில் ஒத்துப்போயிருக்கும். மிச்சம் ஐம்பதில் முப்பதைத்தான் உண்மையாகச் சம்பாதித்திருக்கிறார்கள், அதாவது 0.6. இருவருமே தொண்ணூறைச் சாதகமல்ல என்று குறித்திருந்தால் தற்செயலாகவே 82 (சாதகமல்ல என்பதில் 81, சாதகம் என்பதில் 1) ஒத்துப்போகும், எனவே அவர்களுடைய எண்பது தற்செயலுக்கும் கீழே. ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த இந்தக் கணக்குக்குக் காப்பா என்று பெயர். நடுநிலை என்பது நல்ல மனம் சம்பந்தப்பட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, இரண்டு பேருடைய மனம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை இந்தச் சின்ன வகுத்தல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதற்கும் எல்லை உண்டு என்பதை அவள் கற்றுக்கொள்ள வேண்டும். ஆறு பெருகுகிறது என்பவருக்கும் பெருகவில்லை என்பவருக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் கணக்கு சமமாகிவிடும், செய்தி பொய்யாகிவிடும். அவள் பென்சிலால் எழுதிய அந்த ஒரு வரி, அவள் கட்டங்கள் எதிலும் அடங்காதது.

படிக்க எங்கே அனுப்புவது என்றால், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறை இருக்கிறது; வீட்டிலிருந்தே பேருந்தில் போய்வரலாம், மகள் கணிதம் படித்தவள் என்பதால் தடை இல்லை. அரசுக் கல்லூரிகளில் புள்ளியியல் அல்லது கணிதம் கிடைத்தாலும் சரியே. அரசுப் பள்ளியில் படித்தவள் ஆகையால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் அவளுக்கு உண்டு. பேருந்துச் செலவில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். இளங்கலைக்குப் பிறகு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி. எழுதிக் காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம்; அங்கே புள்ளியியலும் உண்டு, ஊடகத் துறையும் உண்டு. எதை எடுப்பது என்பதை இருபத்தொரு வயதில் அவளே தீர்மானிக்கட்டும்.

வேலை என்ன கிடைக்கும் என்று மைத்துனர் நிச்சயம் கேட்பார். உண்மைச் சரிபார்ப்பு நிறுவனங்கள், செய்தி நிறுவனங்களின் தரவுப் பிரிவுகள், ஊடகக் கண்காணிப்பு நிறுவனங்கள், தேர்தல் ஆய்வு செய்பவர்கள் ஆகியோருக்கு, தமிழும் கணக்கும் இரண்டும் தெரிந்த ஆள் எளிதில் அகப்படுவதில்லை. ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் டெல்லியில் மின்னணு ஊடகக் கண்காணிப்பு மையம் 2008 முதல் இயங்குகிறது. அலைவரிசைகளைப் பதிவுசெய்து நிகழ்ச்சி விதிகள் மீறப்படுகின்றனவா என்று பார்க்கும் அந்த மையத்துக்குத் தமிழ் தெரிந்தவர்களும் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்படுகிறார்கள். ஆனால் அங்கே அளப்பது அரசு என்பதை மறக்கக் கூடாது, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். தேர்தல் வந்தால் நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு செயல்படும்; பணம் வாங்கிப் போடும் செய்திகளைக் கவனிப்பதும் தொலைக்காட்சி அரசியல் விளம்பரங்களுக்கு முன்சான்று தருவதும் அதன் பணி. பெரும் சம்பளம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஊடகப் பக்கம் ஒன்றுமே அமையாவிட்டாலும் புள்ளியியல் பட்டத்துக்கு வங்கியிலும் அரசுத் தேர்விலும் ஆய்வு நிறுவனத்திலும் கதவு உண்டு. செய்தி வாசிக்கப் பழகிய சான்றிதழுக்கு அது கிடையாது.

மகள் ஒரு நாள் மனம் மாறிச் செய்தியாளர் ஆக வேண்டும் என்றால் தாராளமாக ஆகட்டும். எண்ணத் தெரிந்த செய்தியாளரைக் கட்சிக்காரர் ஒருவரும் எளிதில் மிரட்ட முடியாது. ஆனால் அந்த ஆசை அவளுடையதாக இருக்க வேண்டும், சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஆகியோருடையதாக இருக்கக் கூடாது. மைத்துனர் நல்லெண்ணத்தில்தான் பேசுகிறார், மறுக்கவில்லை. ஆயினும் அன்றைய ஐம்பது நிமிடச் சந்திப்பில் அவர் பேசியது முப்பது நிமிடத்துக்கு மேல் இருக்கும், உங்கள் மகள் பேசியது ஒரே ஒரு வாக்கியம்.

கல்லூரிக்கு முன்பணம் கட்டியிருந்தால் இந்த வாரமே எழுத்தில் கேட்டுத் திரும்பப் பெறுங்கள், ரசீதை விடாதீர்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மகளையும் அந்த நோட்டையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மைத்துனரும் வரலாம், முதல் அரை மணி நேரம் அவர் பேசாமல் இருக்க ஒப்புக்கொண்டால். நேரம் பார்க்கும் பொறுப்பை உங்கள் மகளிடமே கொடுத்துவிடுவோம்.