உறுதிமொழிக்கு மறுநாள்

செட்டிநாட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் சாதிப் பாகுபாடு பற்றிய கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

ஜனவரி 30இல் தீண்டாமை ஒழிப்பு, ஏப்ரல் 14இல் சமத்துவ நாள், செப்டம்பர் 17இல் சமூகநீதி நாள் என்று எங்கள் கல்லூரியில் ஆண்டுக்கு மூன்று முறை உறுதிமொழி எடுக்கிறோம். மறுநாள் எதுவும் மாறுவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?
- உதவிப் பேராசிரியர், காரைக்குடி

கணக்கெடுப்பிலிருந்து தொடங்குங்கள். கல்லூரி முழுவதற்கும் சேர்த்து எடுத்தால் குறை எதுவும் கண்ணில் படாது. 69 சதவீத இடஒதுக்கீடு இருப்பதால் சேர்க்கைப் பட்டியல் ஒழுங்காகவே தெரியும். துறைவாரியாக எடுங்கள். முதலாண்டில் சேர்ந்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் மூன்றாமாண்டுத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர், இடையில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர்கள் எந்த மாதம் போனார்கள்? அந்த மாதம்தான் பல விஷயங்களைச் சொல்லும். கட்டணம் கட்டும் கெடுவையொட்டிப் போயிருந்தால் பணத்தைப் பாருங்கள். உள்மதிப்பெண் ஒட்டிய பிறகு ஒரே துறையிலிருந்து போயிருந்தால் அந்தத் துறையைப் பாருங்கள்.

பணச் சிக்கல் பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான் இருக்கும். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகைக்குப் பட்டியல் சாதி மாணவரின் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்றிய அரசின் பங்கான 60 சதவீதம் மாணவரின் ஆதார் இணைத்த கணக்குக்கு நேராக வரும். ஆதார் நகலை வங்கியில் கொடுத்தாலே இணைப்பு முடிந்துவிட்டதாகப் பல பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். நகல் கொடுப்பது வேறு, உதவித்தொகை வரும் கணக்காகப் பதிவது வேறு. இரண்டாவது நடக்காவிட்டால் பணம் வராது. கல்லூரி திறந்த முதல் மாதத்திலேயே வங்கி ஊழியர் ஒருவரை வளாகத்துக்கு அழைத்து, ஒவ்வொரு மாணவரின் இணைப்பையும் சரிபார்த்துப் பட்டியலில் குறியுங்கள். உதவித்தொகை தாமதமானதற்காகத் தேர்வு நுழைவுச்சீட்டை நிறுத்துவதில்லை என்று முதல்வர் எழுத்தில் சுற்றறிக்கை விட வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் அலுவலகக் கவுன்ட்டர் வரை அது போய்ச் சேராது.

அடுத்தது வகுப்பறை. உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். மாணவரின் சாதியை வகுப்பில் அறிவிப்பதையே பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிகள் பாகுபாடு என்கின்றன. மாணவர்கள் பெயரின் அகரவரிசையில் உட்காரட்டும், வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பு வேண்டாம். நீதிபதி சந்துரு குழு 2024இல் பள்ளிகளுக்குச் சொன்ன இந்த ஒழுங்கு கல்லூரிக்கும் பொருந்தும். ஆய்வகக் கூட்டாளிகளைச் சீட்டுப்போட்டு முடிவு செய்யுங்கள். அவர்களாகவே சேரட்டும் என்று விட்டால் ஊர் பிரிந்திருப்பது போலவே மேசையும் பிரிந்துவிடும்.

ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் என் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்கள். யாரிடம் போவது? உள்மதிப்பெண்ணில் கை வைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.
- மாணவி, தேவகோட்டை

உங்கள் பயம் நியாயமானது, தம்பி தங்கைகள் பலருக்கும் இருப்பதுதான். அதனால் முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, நேரம், இடம், பேசியவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே, அங்கே நின்றவர்கள் பெயர். வார்த்தைகளை நாகரிகமாக மாற்றி எழுதினால் புகாரின் உயிர் போய்விடும்.

2012 விதிகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் சமவாய்ப்புப் பிரிவும், பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும். புகாரை 60 நாளில் முடிக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்துதான் 60 நாள் ஓடும். அலுவலரே உங்கள் துறைத் தலைவராக இருந்தால், விசாரணையை வேறொருவரிடம் ஒப்படைக்கவும், விசாரணை முடியும் வரை உங்கள் விடைத்தாளை வேறு துறை ஆசிரியர் திருத்தவும் அதே மனுவில் கேளுங்கள்.

காவல் நிலையத்துக்கும் போகலாம். பொதுப் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதியினரைச் சாதி சொல்லி அவமதிப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் குற்றம், அவமதித்தவர் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவராக இருந்தால். ஆய்வகத்தில் மற்றவர்கள் இருந்தது உங்கள் வழக்குக்குப் பலம். தனி அறையில் சாட்சியில்லாமல் நடந்திருந்தால் இந்தப் பிரிவில் நிற்பது கடினம். 2018 திருத்தத்துக்குப் பின், முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. “விசாரித்துவிட்டுப் பதிகிறோம்” என்றால் அதே சட்டத்தின் 18ஏ பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள். 14566 என்ற இலவச எண்ணிலும் புகார் சொல்லலாம். தனியாகப் போகாதீர்கள், அம்மாவையோ நம்பிக்கையான ஆசிரியரையோ அழைத்துப் போங்கள்.

என் மகன் அமெரிக்காவில் படிக்கிறான். அங்கே இன சமத்துவத்துக்காகக் கல்லூரிகள் அமைத்தவை இப்போது கலைகின்றன என்கிறான். நமக்கும் அப்படி ஆகுமா?
- வாசகி, கானாடுகாத்தான்

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையை ஹார்வர்டு வழக்கில் முடிவுக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். நமக்கும் இதே சோதனை 1951இல் வந்தது. கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றபோது, மக்கள் போராடி, பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) பிரிவை அரசியலமைப்பில் சேர்க்க வைத்தார்கள். அதனால் நம் இடஒதுக்கீடு சட்டத்தில் ஊன்றி நிற்கிறது. கல்லூரிக்குள் இருக்கும் குழுக்களுக்கு அந்த ஊன்றுகோல் குறைவு. தனி நிதியும் பதிவேடும் இல்லாத குழு, முதல்வர் மாறியதும் பெயரளவில் ஆகிவிடும்.

எங்கள் ஊர் டீக்கடையில் கண்ணாடி டம்ளர் சிலருக்கு, பேப்பர் கப் சிலருக்கு. கேட்டால் சுகாதாரம் என்கிறார்கள். ஊருணிப் படித்துறையிலும் அப்படியே. இளைஞர்கள் சேர்ந்து என்ன செய்யலாம்?
- கல்லல் பக்கத்து வாசகர்

எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் சுகாதாரம். ஆள் பார்த்துக் கொடுத்தால் அது இரட்டைக் குவளைதான். ஒரு வாரம், வெவ்வேறு நேரத்தில், யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று குறித்து வையுங்கள். கடைக்காரரிடம் முதலில் நேரில் பேசுங்கள். பல கடைகளில் அவர் ஊர்ப் பெரியவர்களுக்குப் பயந்தே இதைச் செய்கிறார்.

பிறகு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். ஊருணி, குடிநீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை மூன்றும் எல்லோருக்கும் பொது என்ற தீர்மானத்தைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்துக் கூட்டப் பொருளில் சேர்க்கச் செய்யுங்கள். 501 முதல் 3,000 மக்கள் உள்ள ஊராட்சிக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும். பல தீர்மானங்கள் வீழ்வது எதிர்ப்பால் அல்ல, ஆள் வராததால். பெண்களை அழைத்து வாருங்கள், தண்ணீர் எடுப்பவர்கள் அவர்கள்தான். பேசிய வாசகம் அப்படியே பதிவேட்டில் ஏறியதா என்று கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

இந்த மண்ணில் 1931இல் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது பதினொரு தடைகள் விதிக்கப்பட்டன. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று. தேவகோட்டை அருகே கண்டதேவிக் கோயில் தேர், யார் வடம் பிடிப்பது என்ற தகராறில் 1998இல் நின்றது. பல ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 ஜூனில் அது ஓடியதற்குப் பின்னால் நீதிமன்ற உத்தரவும், காவல் பாதுகாப்பும், பேச்சுவார்த்தையும் இருந்தன. ஆகவே சார் ஆட்சியருக்கும் தீர்மானத்தின் நகலை அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். அந்த ஒப்புகையோடு அடுத்த கிராம சபைக்குப் போய், “சென்ற தீர்மானம் என்ன ஆனது?” என்பதையே முதல் பொருளாகக் கேளுங்கள்.