தாய்மாமன் தலையும் 8,000 ரூபாயும்

கே: தாய்மாமனுக்கு முழு வழுக்கை. எனக்கு வயது 26. எச்சிலை வைத்து, வழுக்கை வருமா என்று மரபணு டெஸ்டில் சொல்கிறார்களாம். 8,000 ரூபாய். எடுக்கலாமா?

ப: வேண்டாம். இந்த டெஸ்ட் மேல் எனக்குப் பழைய கடுப்பு, பொறுத்துக் கேளுங்கள். ஆண் ஹார்மோனுக்கு முடிவேர் எப்படி வசப்படும் என்பதில் பெரும்பங்குள்ள மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும். அந்த அளவுக்கு மாமனைப் பார்த்துப் பயப்படலாம். ஆனால் மாமனுக்குப் போனதே உங்களுக்கும் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. 2017-இல் பிரிட்டனில் 52,000 ஆண்களுக்கு மேல் வைத்துப் பார்த்ததில், மரபணுத் தொகுப்பில் வழுக்கையோடு தொடர்புள்ள 287 இடங்கள் சிக்கின. அதில் எக்ஸில் இருந்தவை 40. மிச்சத்தில் அப்பாவுக்கும் பங்கு உண்டு.

சரி, 'வரும்' என்றே ரிப்போர்ட் வரட்டும். அப்புறம்? மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைடு என்ற வழுக்கை மருந்துகள்தான். முடி கொட்ட ஆரம்பித்தால் தோல் டாக்டர் ரிப்போர்ட் கேட்காமலே எழுதித் தருவது அதைத்தான். நிறுத்தினால் வந்த முடியும் போய்விடும் என்பதையும் அவரே சொல்வார். டெஸ்ட் எடுத்தவர் தலையில், 'உங்கள் மரபணுவுக்கென்றே' ஒரு ஷாம்பூவையும் கட்டுவார்கள். வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுங்கள், காசு கேட்காது.

கே: அடிக்கடி மொட்டை போட்டால் அடர்த்தியாக வளருமா? நல்ல டிரிம்மர் சொல்லுங்கள்.

ப: வளராது. வேண்டுதல் இருந்தால் பழநிக்குப் போங்கள்.

கே: கணவரின் ஃபினாஸ்டரைடு மாத்திரை மிச்சம் இருக்கிறது. குழந்தைக்கு முயல்கிறோம். நானும் போடலாமா?

ப: கூடவே கூடாது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியையே கெடுக்கும். உடைந்த மாத்திரையைக் கையால்கூடத் தொடாதீர்கள்.

கே: பிரசவமாகி 4 மாதம். கொத்துக்கொத்தாகக் கொட்டியது. 'பரம்பரை வழுக்கை, இப்போதே பிடிக்க வேண்டும்' என்று ஒரு கிளினிக்கில் 18,000 ரூபாய் பேக்கேஜ் கட்ட வைத்தார்கள். அழுகையாக வருகிறது.

ப: அழாதீர்கள் அம்மா, தப்பு உங்களுடையதல்ல. பிள்ளை பெற்ற சில மாதங்களில் இப்படித் தலை முழுக்கக் கொட்டுவது சகஜம். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாகத் திரும்பும். பெண்களுக்குப் பரம்பரையில் வருவது வேறு மாதிரி: வகிடு மெல்ல அகலும், நெற்றி ஓரம் அநேகமாக அப்படியே இருக்கும். இரும்புச்சத்தும் தைராய்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மீதி சிட்டிங்குக்குப் போகாமல், பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடம் அவகாசம். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

கே: 'வழுக்கையில் முடி முளைக்கும்' என்ற எண்ணெயை 6 மாதம் தேய்த்தேன். பலன் இல்லை. பில் வாங்கவில்லை. பாட்டிலையும் எறிந்துவிட்டேன். பணம் கிடைக்குமா?

ப: எதைக் காட்டிக் கேட்பீர்கள், தலையையா? வழுக்கையைக் குணமாக்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என 1945-ஆம் வருட மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையிலேயே இருக்கிறது. ஜிபே-யில் கொடுத்திருந்தால் அந்தப் பதிவையாவது தேடி எடுங்கள். திட்டுகிறேனே தவிர நானும் யோக்கியனில்லை. முடி வளரும் என்று நம்பி, சிவப்பு லைட் எரியும் சீப்பை 2,400 ரூபாய்க்கு வாங்கியவன். இப்போது கரண்ட் போனால் டார்ச்சாக உதவுகிறது.