கர்ப்பப் பரிசோதனை கிட்: 10 எண் வாங்கலாமா, 25 எண் போதுமா?

கேள்வி: ஓராண்டுக்கும் மேலாகக் குழந்தைக்கு முயன்று வருகிறோம். பீரியட்ஸ் வரவேண்டிய நாளுக்கு ஐந்தாறு நாள் முன்பே சோதிக்கத் தொடங்கிவிடுகிறேன். மாதம் நான்கைந்து கிட் காலியாகிறது. சாதாரண ஸ்ட்ரிப்பில் 25 என்றும், விலை கூடியதில் 10 என்றும் போட்டிருக்கிறது. டிஜிட்டல் கிட்டும் இருக்கிறது. எதை வாங்கினால் காசு வீணாகாது?

பதில்: கரு கருப்பையில் பதிந்த பிறகு ஹெச்சிஜி என்ற ஹார்மோன் சிறுநீரில் வரத் தொடங்கும். ஒரு மில்லி லிட்டரில் அது எத்தனை மில்லி யூனிட் இருந்தால் கிட் காட்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எண் சிறியதாக இருந்தால் கிட் கூர்மையானது. 25 என்றால் பவர் அதிகம் என்று நினைத்து வாங்குகிறவர்களும் உண்டு!

ஆரம்பத்தில் இந்த ஹார்மோன் ஏறக்குறைய இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 10-இலிருந்து 25-ஐத் தொட மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள் ஆகும். கூடுதல் விலைக்கு உங்களுக்குக் கிடைப்பது அந்தச் சில நாள்தான். அதுவும் கரு பதிந்திருந்தால்! கருமுட்டை வெளிவந்து 6 முதல் 12 நாளுக்குள்தான் கரு பதியும். நீங்கள் சோதிக்கத் தொடங்குவது எட்டாம் ஒன்பதாம் நாள் வாக்கில். அன்றுதான் பதிகிறது என்றால் 10 எண் கிட்டும் 'இல்லை' என்று ஒற்றைக் கோடுதான் காட்டும். பெட்டியில் 99 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது பெரும்பாலும் பீரியட்ஸ் வரவேண்டிய நாளிலிருந்து சோதிப்பவர்களுக்கான கணக்கு. பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

அதனால் 25 எண் ஸ்ட்ரிப்பே போதும். நாள் தள்ளிப்போன அன்று காலை முதல் சிறுநீரில் ஒன்று, இல்லை என்று வந்தால் இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொன்று. மாதம் இரண்டோடு முடிந்துவிடும். மொத்தமாக வாங்கினால் மலிவுதான், ஆனால் காலாவதித் தேதியைப் பாருங்கள். உறையை முன்கூட்டியே பிரித்து வைத்தால் ஈரம் பட்டுக் கெட்டுவிடும்.

டிஜிட்டல் கிட்டின் உள்ளேயும் பொதுவாக அதே காகிதப் பட்டைதான். உங்கள் கண்ணுக்குப் பதிலாக ஒரு சென்சார் கோட்டைப் பார்த்து, 'ஆம்', 'இல்லை' என்று எழுத்தில் காட்டுகிறது. அதனாலேயே கூர்மை கூடிவிடாது. கோட்டைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் கடைசியில் உறுதிப்படுத்த ஒன்று வாங்கலாம், தினம் சோதிக்க வேண்டாம். பிளாஸ்டிக் உறை போட்ட கிட்டிலும் கூடுதல் விலை கைக்கு வசதியாக இருப்பதற்குத்தான்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஓராண்டு முயன்றும் கரு நிற்கவில்லை என்றால் இருவரும் டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. வயது 35-ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போகச் சொல்வார்கள். கிட்டில் மிச்சமாகும் காசு அங்கே உதவட்டும். சிகிச்சையில் ஹெச்சிஜி ஊசி போட்டால், இரண்டு வாரம் வரை கரு இல்லாமலேயே இரண்டு கோடு காட்டலாம்; எப்போது சோதிப்பது என்று டாக்டரிடமே கேளுங்கள்.

கேள்வி: இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தது. சந்தேகத்தில் வேறு மூன்று பிராண்ட் வாங்கிவிட்டேன். எதை நம்புவது?

பதில்: கோடு எப்போது தெரிந்தது? பெட்டியில் சொன்ன நேரத்துக்குள், நிறத்தோடு தெரிந்திருந்தால், மங்கலானாலும் அது பாசிட்டிவ்தான். அரை மணி கழித்துக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தபோது தெரிந்த சாம்பல் கோடு என்றால் கணக்கில் வராது. சிறுநீர் காய்ந்த தடமாக இருக்கலாம். பிராண்டுக்கு பிராண்ட் சாயம் மாறும் என்பதால், மூன்றையும் பக்கத்தில் வைத்து எது அடர்த்தி என்று பார்ப்பதில் பயனில்லை. இரண்டு நாள் விட்டு அதே பிராண்டில் சோதியுங்கள், அப்புறம் ரத்தப் பரிசோதனை. ஒருபக்கமாகக் கடுமையான வயிற்று வலியோ ரத்தப்போக்கோ இருந்தால் மட்டும் அந்த இரண்டு நாள் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.