ஆழ்கடல் மீன்களை இனம் காண்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஆய்வு வலையில் வந்த விரல் நீள மீன்கள், எல்லாமே கருப்பு. அடிவயிற்றில் புள்ளி புள்ளியாக ஒளியுறுப்புகள். இவை லாந்தர் மீனா, சைக்ளோதோன் என்ற இன்னொரு சிறு ஆழ்கடல் மீனா என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: மேல்தாடையில் தொடங்குங்கள். ஊசி முனையால் தாடையை மெல்ல விலக்கி லென்ஸில் பாருங்கள். லாந்தர் மீனில் வாயின் மேல் விளிம்பு முழுக்க முன்தாடை எலும்பு ஒன்றுதான், பல்லும் அதில் மட்டும்தான். சைக்ளோதோனில் அதற்குப் பின்னால் இருக்கும் மேல்தாடை எலும்பும் விளிம்பில் சேர்கிறது, அதிலும் வரிசையாகப் பல் இருக்கும். இந்த அடையாளம் எவ்வளவு சிதைந்த மீனிலும் மிஞ்சும்.

அடுத்தது கண். லாந்தர் மீனுக்குப் பெரியது, சைக்ளோதோனுக்கு மிகச் சிறியது. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே கதிரில்லாத சின்னக் கொழுப்புத் துடுப்பு லாந்தர் மீனில் உண்டு, சைக்ளோதோனில் இல்லை. ஆனால் அது வலையில் உரசிக் காணாமல் போகக்கூடியது. இருந்தால் சாட்சி, இல்லாவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகாது.

கேள்வி: லாந்தர் மீன் என்பது வரை வந்துவிட்டேன். ஆனால் அந்தக் குடும்பத்தில் 250 இனத்துக்குப் பக்கம் இருக்கிறதே. மேற்கொண்டு எப்படிப் போவது?

பதில்: ஒளியுறுப்புகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து எண்ண வேண்டும். மொத்த எண்ணிக்கையால் பயனில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சுருக்கப் பெயர் உண்டு. மார்பிலிருந்து இடுப்புத் துடுப்பு வரை இருப்பவை பி.ஓ. அங்கிருந்து குதத் துடுப்பு வரை வி.ஓ. குதத்துக்கு மேலே ஏறி நிற்கும் மூன்று எஸ்.ஏ.ஓ. குதத் துடுப்பின் அடியை ஒட்டியவை ஏ.ஓ. வாலுக்குச் சற்று முன்னால் இருப்பவை பி.ஆர்.சி. இவை தவிர, கொழுப்புத் துடுப்புக்குக் கீழே பக்கவாட்டில் இருப்பவற்றின் பெயர் ‘போல்’ (Pol).

எண்ணிக்கையைப் போலவே அமைப்பும் முக்கியம். எஸ்.ஏ.ஓ. மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, முழங்கை போல மடங்கி நிற்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘போல்’ உறுப்பு ஒன்று என்றால் மிக்டோஃபம் பேரினத்தின் பக்கம் போகலாம், இரண்டு என்றால் ஹைகோஃபம் பேரினத்தின் பக்கம். வால்தண்டின் மேலும் கீழும் ஒளிச் சுரப்பி இருக்கிறதா என்றும் தேடுங்கள். மிக்டோஃபம் போன்ற பேரினங்களில் ஆணுக்கு மேலே, பெண்ணுக்குக் கீழே இருக்கும். இது தெரியாமல் ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. டயாஃபஸ் பேரினத்தில் வால் சுரப்பியே கிடையாது. அங்கே கண்ணைச் சுற்றியுள்ள உறுப்புகளைப் பார்க்க வேண்டும்.

மீனைத் தட்டில் முழுக்க மூழ்க வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். காற்றில் வைத்தால் ஈரத் தோலின் பளபளப்பில் பாதி உறுப்பு தெரியாது. செதில் உரிந்திருந்தால் இரண்டு பக்கமும் எண்ணி ஒப்பிடுங்கள்.

கேள்வி: குதத் துடுப்பில் எனக்கு ஒரு கதிர் எப்போதும் கூடுதலாகவே வருகிறது. இனம் வேறா?

பதில்: கடைசிக் கதிரைப் பாருங்கள். அடிவரை பிளந்து இரண்டாகத் தெரிந்தாலும், ஒரே தாங்கெலும்பில் உட்கார்ந்திருந்தால் அது ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் எக்ஸ்-ரே எடுத்துவிடுவது நல்லது. நத்தை மீன் போல உடல் கூழாக இருப்பவற்றில், தோலுக்கு மேலிருந்து கதிரை எண்ணவே முடியாது. அங்கே முதுகெலும்பு எண்ணிக்கைக்கும் எக்ஸ்-ரேதான் வழி.

கேள்வி: எலிவால் மீன்களின் மொத்த நீளத்தை அளந்து ஒப்பிட்டால் எதனோடும் பொருந்தவில்லை.

பதில்: மொத்த நீளத்தை விட்டுவிடுங்கள். அந்த வால் அடிக்கடி ஒடியும், ஒடிந்த இடம் ஆறி மறுபடி கூராகிவிடும். பார்த்தால் முழு வால் போலவே இருக்கும். மூக்கு நுனியிலிருந்து குதத் துடுப்பின் தொடக்கம் வரை உள்ள நீளத்தை எடுங்கள், தலை நீளத்தையும் எடுங்கள். மற்ற விகிதங்களை இந்த இரண்டுக்கும் எதிராகக் கணக்கிடுங்கள்.

பிறகு செவுள் மூடிக்கு அடியில் உள்ள சவ்வை விரித்து, அதைத் தாங்கும் கதிர்களை எண்ணுங்கள். ஆறு என்றால் சீலோரிங்கஸ், கோரிஃபனாய்ட்ஸ் பேரினங்களின் பக்கம். ஏழு என்றால் நெசுமியா பக்கம். முதல் முதுகுத் துடுப்பில் உள்ள நீண்ட முள்ளின் முன்விளிம்பை விரலால் கீழிருந்து மேலாகவும், மேலிருந்து கீழாகவும் தடவுங்கள். ரம்பப் பல் இருந்தால் ஒரு திசையில் சொரசொரக்கும். மோவாய் இழை, குதத்தின் இடம், அதைச் சுற்றியுள்ள கருப்புத் தோல், வயிற்றடி ஒளிச் சுரப்பி எல்லாம் அதற்கு அப்புறம்.

கேள்வி: கோடரி மீன்களில் பேரினம் வரை சட்டென்று சொல்ல முடியுமா?

பதில்: முடியும். கண் குழாய் போல நீண்டு மேல்நோக்கி இருந்தால் ஆர்கைரோபெலேகஸ். கண் சாதாரணமாகப் பக்கவாட்டில் இருந்தால் ஸ்டெர்னாப்டிக்ஸ் அல்லது பாலிஇப்னஸ். வயிற்று விளிம்பு ஒளியுறுப்புகள் முதலாவதில் 12, மற்ற இரண்டிலும் 10.

கேள்வி: கருப்பான சிறு சுறாக்கள் எல்லாம் ஒரே மாதிரி தெரிகின்றன, சார்.

பதில்: குதத் துடுப்பு இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இருந்து, முதுகுத் துடுப்புகளில் முள் இல்லாவிட்டால் பெரும்பாலும் அப்ரிஸ்டூரஸ் பேரினம். குதத் துடுப்பு இல்லாமல் இரண்டு முதுகுத் துடுப்பிலும் முள் இருந்தால் வாயைத் திறங்கள். மேல் பல் பல முனையாகவும் கீழ்ப் பல் கத்தி போல ஒற்றை முனையாகவும் இருந்தால் எட்மோப்டெரஸ். இரு தாடையிலும் பல முனை என்றால் சென்ட்ரோசிலியம். மார்புத் துடுப்பின் உள்மூலை நீண்டு கூராக இழுத்திருந்தால் சென்ட்ரோஃபோரஸ். எட்மோப்டெரஸில் இனம் வரை போக, இடுப்புத் துடுப்புக்கு மேலே உள்ள கருப்புப் பட்டையின் வடிவத்தையும் தோல் பற்கள் (தோலில் உள்ள பல் போன்ற நுண்செதில்கள்) வரிசையாக நிற்கின்றனவா என்பதையும் படம் எடுங்கள்.

கேள்வி: பிடித்த மாதிரியை எப்படிப் பத்திரப்படுத்துவது? எங்கள் சிவப்பு மீன்கள் எல்லாம் வெளுத்துவிட்டன.

பதில்: சிவப்பு போகத்தான் செய்யும். அதனால் படம் முதலில், இடப்பக்கம் தெரிய, துடுப்புகளை ஊசியால் விரித்து, அளவுகோலோடு. அடுத்து வலப்பக்கத்திலிருந்து சிறு தசைத் துண்டு, 95 சதவீத எத்தனாலில். இதை ஃபார்மலினுக்கு முன்னால் செய்யாவிட்டால் டிஎன்ஏ வீணாகிவிடும். அதன் பிறகு 10 சதவீத ஃபார்மலின்: கடையில் கிடைக்கும் கரைசல் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, அமிலத்தை முறிக்கக் கொஞ்சம் போராக்ஸ். போராக்ஸ் போடாவிட்டால் காதுக்கல் கரையத் தொடங்கும். பெரிய மீனென்றால் வலப்பக்க வயிற்றைக் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் வெளியே கெட்டியாகி உள்ளே அழுகும். நன்கு பதப்பட்டதும் தண்ணீரில் ஊறவைத்து அலசி, 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

வயிறு வாய்வழியாக வெளியே தள்ளியிருப்பதும் கண் பிதுங்கியிருப்பதும் அழுத்தம் குறைந்து காற்றுப்பை விரிந்ததன் விளைவு. அவற்றை விவரத்தில் அடையாளமாக எழுதாதீர்கள்.

கேள்வி: ஆணும் பெண்ணும் குஞ்சும் இவ்வளவு வேறுபட்டால் உருவத்தை எப்படித்தான் நம்புவது?

பதில்: நியாயமான கேள்வி. திமிங்கில மீன்கள் என்ற ஆழ்கடல் மீன்களில் குஞ்சு ஒரு குடும்பம், ஆண் ஒரு குடும்பம், பெண் ஒரு குடும்பம் என்று மூன்றாகவே பல காலம் வைத்திருந்தார்கள். மூன்றும் ஒன்று என்று 2009-இல்தான் வெளியானது, எலும்பமைப்பும் டிஎன்ஏவும் சேர்ந்து காட்டியதால். ஆழ்கடல் தூண்டில் மீன்களிலும் இனத்தைப் பிரிக்கும் விவரங்கள் பெரும்பாலும் பெண்ணின் தலையிலிருந்து நீளும் தூண்டிலின் நுனிக் குமிழில்தான்: அதன் மேல் முளைத்த இழைகள், கிளைகள், நிறமி. குமிழ் அறுந்த பெண்ணையும் தனியாகக் கிடைத்த குட்டி ஆணையும் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

கேள்வி: ஆழ்கடல் கேமரா காணொளி மட்டும் போதுமா?

பதில்: குடும்பம் வரை பெரும்பாலும் போதும், சில சமயம் பேரினம் வரையும். 2022-இல் ஜப்பானுக்குத் தெற்கே உள்ள இசு-ஒகசவாரா அகழியில் 8,336 மீட்டரில் படமான நத்தை மீனை சூடோலிபாரிஸ் பேரினம் என்பதோடு நிறுத்தினார்கள். அதே பயணத்தில் 8,022 மீட்டரில் பொறியில் சிக்கிய இரண்டு மீன்கள் கையில் இருந்ததால், அவை சூடோலிபாரிஸ் பெல்யேவி என்று இனம் வரை பெயர் பெற்றன.