ஆணைத்தொகுதி (ஒரு ப்ராசஸருக்குப் புரியும் ஆணைகளின் தொகுப்பு) வடிவமைப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சொந்தமாக ஒரு 32 பிட் ப்ராசஸர் வடிவமைக்கிறேன். 64 ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள்ளேயே எண்களை வைக்கும் சிறு இடம்) வைக்கலாமா?

பதில்: முதலில் ஓர் ஆணையின் 32 பிட்டுகளை எண்ணிப் பாருங்கள். 32 ரெஜிஸ்டர் என்றால் ஒன்றைக் குறிக்க 5 பிட், 64 என்றால் 6. மாறிலியைக் கூட்டும் ஆணையில் இரண்டு ரெஜிஸ்டர்கள் வரும். ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த ஆணைத்தொகுதியில் அதற்கு 10 பிட் போக, ஆப்கோடு (எந்த ஆணை என்று சொல்லும் எண்) வகைக்கு 10, மாறிலிக்கு 12. உங்கள் கணக்கில் மாறிலி 10 பிட்டாகச் சுருங்கும். -2048 முதல் 2047 வரை இருந்தது -512 முதல் 511 வரை ஆகிவிடும். ஆப்கோடு இடத்தை ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. இன்டெலின் 8086 ப்ராசஸரில் பதின்மத் திருத்தத்துக்கு (பதின்ம இலக்கங்களாக வைத்த எண்களின் கணக்கு விடையைச் சரிசெய்ய) ஒரு பைட் ஆப்கோடுகளைக் கொடுத்தார்கள். 64 பிட் முறை வந்த பிறகுதான் அவற்றை நீக்க முடிந்தது.

கேள்வி: ரிஸ்க் (எளிய ஆணைகள் கொண்ட வகை), சிஸ்க் (சிக்கலான ஆணைகள் கொண்ட வகை), எது வேகம்?

பதில்: பெயரை வைத்து வேகம் சொல்ல முடியாது. சிஸ்க் வகையான, 8086 வழிவந்த இன்றைய எக்ஸ்86 சிப்களும் ஆணைகளை உள்ளே சிறு மைக்ரோ ஆணைகளாக உடைத்தே ஓட்டுகின்றன.

கேள்வி: ரிஸ்க்-ஃபைவில் ஃபிளாக் ரெஜிஸ்டர் (விடை பூச்சியமா, கேரி வந்ததா போன்றவற்றைக் குறித்து வைக்கும் இடம்) ஏன் இல்லை?

பதில்: ஒவ்வொரு கூட்டலும் ஃபிளாக்கை எழுதினால், தொடர்பே இல்லாத ஆணைகளும் அதன் வழியாக ஒன்றையொன்று பிணைத்துக்கொள்ளும். வரிசை மாற்றி ஓட்டும் ப்ராசஸருக்கு அது கூடுதல் சுமை. ஒப்பிடுவதையும் தாவுவதையும் ஒரே ஆணையில் வைத்தால் ஃபிளாக்கே தேவையில்லை.

மறுப்பு: பெரிய எண்களைக் கூட்டும்போது கேரியை (மிஞ்சி அடுத்த பகுதிக்குப் போகும் 1) என்ன செய்வீர்கள், சார்? கைபேசிகளில் வரும் ஏஆர்எம் ப்ராசஸரில் ஒரு ஆணை. இங்கே?

பதில்: சரியான இடத்தில் கேட்டீர்கள். கேரி வாங்கி, கேரி கொடுக்க இங்கே 5 ஆணைகள்: இரண்டு கூட்டல், இரண்டு ஒப்பீடு, ஒரு OR (‘அல்லது’) ஆணை. மறையாக்க நிரலுக்கு இது உண்மையான இழப்பு, மறுக்கமாட்டேன்.

மறுப்பு: அப்படியானால் ஃபிளாக் வைத்ததுதானே சரி?

பதில்: கட்டாயமாக எழுதும் ஃபிளாக் சரியில்லை. எக்ஸ்86-இல் ஒரே கேரியில் இரண்டு கூட்டல் சங்கிலிகள் மோதிக்கொண்டதால்தான் ஏடிசிஎக்ஸ், ஏடிஓஎக்ஸ் என்று தனித்தனி ஃபிளாக் தொடும் ஆணைகளைப் பிறகு சேர்த்தார்கள். 64 பிட் ஏஆர்எம் வழி எனக்குப் பிடிக்கும்: சாதாரண கூட்டல் ஃபிளாக்கைத் தொடாது, கேட்டால் மட்டும் எழுதும். பெரிய எண்கள்தான் உங்கள் வேலை என்றால் அதையே எடுங்கள்.

கேள்வி: ரிஸ்க் நல்லதா, சிஸ்க் நல்லதா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: கம்பைலர் (நிரலை ப்ராசஸரின் ஆணைகளாக மாற்றும் மென்பொருள்) எப்படி எழுதுவது?

பதில்: அது என் துறை அல்ல. கம்பைலர் எழுதுபவரிடம் கேளுங்கள். ஆனால் ஆணைத்தொகுதியை முடிவு செய்யும் முன்பே அவரை உட்கார வையுங்கள்.

கேள்வி: மிப்ஸ் என்ற பழைய ரிஸ்க் ப்ராசஸர் போலத் தாவலுக்குப் பின் ஒரு தாமத ஆணை (தாவல் நடக்கும் முன் எப்படியும் ஓடிவிடும் ஆணை) வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அன்றைய ஐந்து கட்டப் பைப்லைனுக்கு (ஆணைகளைக் கட்டம் கட்டமாக அடுத்தடுத்து ஓட்டும் வரிசை) அது பொருந்தியது. பைப்லைன் நீண்ட பிறகும் அந்த ஓர் ஆணையைச் சுமந்தே ஆக வேண்டியிருந்தது.

கேள்வி: 128 ரெஜிஸ்டர் வைத்தால்?

பதில்: முதல் பதிலில் உள்ள கணக்கை 7 பிட் வைத்துப் போட்டுப் பாருங்கள்.