உள்ளறைக்குப் போனாலும் ஹால் வைஃபையை விடாத கைத்தொலைபேசி: என்ன செய்யலாம்?

கேள்வி: சிங்கப்பூரில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஹாலில் ரவுட்டர், உள்ளறையில் இன்னொரு வைஃபை பெட்டி, இரண்டுக்கும் ஒரே பெயர். உள்ளறையில் படுத்திருந்தாலும் கைத்தொலைபேசி ஹால் ரவுட்டரையே பிடித்துத் தொங்குகிறது. எது எதில் சேர வேண்டும் என்பதை நான் முடிவு செய்ய முடியாதா?

பதில்: முழுக்க முடியாது. எந்தப் பெட்டியில் சேர்வது, எப்போது மாறுவது என்பதெல்லாம் கைத்தொலைபேசியின் முடிவு. ரவுட்டர் யோசனை சொல்லலாம், கேட்காவிட்டால் வெளியே தள்ளலாம், அவ்வளவுதான். அதனால் தொலைபேசியோடு மல்லுக்கட்டாமல் பெட்டிகளில் கை வையுங்கள்.

ஐபோனையே எடுத்துக்கொள்வோம். சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னல் பலத்தின் அளவு; மைனஸுக்குப் பின்னால் வரும் எண் கூடக் கூட சிக்னல் பலவீனம்) கீழே இறங்கினால்தான் அது வேறு பெட்டியைத் தேடவே ஆரம்பிக்கும் என்று ஆப்பிளே சொல்கிறது. தேடும்போதும், தரவு ஓடிக்கொண்டிருந்தால் புதியது 8 டிபியாவது கூடுதலாக இருக்க வேண்டும். சும்மா கிடந்தால் 12. இப்போது உங்கள் உள்ளறைக்கு வருவோம். ஹால் ரவுட்டர் அங்கே மைனஸ் 66 என்று வருகிறது, தலைமாட்டில் உள்ள பெட்டி மைனஸ் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பது எவ்வளவோ மேல். ஆனாலும் 66 இன்னும் 70-ஐத் தாண்டவில்லையே, தொலைபேசி திரும்பிக்கூடப் பார்க்காது. ஹால் ரவுட்டரின் ஒலிபரப்புச் சக்தியை 6 டிபி குறைத்தால் அதே இடத்தில் மைனஸ் 72 ஆகிவிடும். உடனே தேடும், தலைமாட்டுப் பெட்டிக்குத் தாவும்.

ஆகவே முதல் வேலை, சக்தியைக் குறைப்பது. கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். காசு கொடுத்து வாங்கியதை யாராவது குறைத்து வைப்பார்களா என்று வீட்டிலேயே என்னைக் கேட்டார்கள்! ஆனால் பெட்டிகள் இரண்டும் முழு மூச்சில் கத்தினால் தொலைபேசிக்கு மாறக் காரணமே இருக்காது. அமைப்புகளில் ‘டிரான்ஸ்மிட் பவர்’ என்று இருக்கும். ‘ஹை’ என்பதை ‘மீடியம்’ ஆக்கிவிட்டு வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

அதற்கும் முன்னால் ரவுட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். 1997-இல் வந்த புகலிடச் சட்டத்துக்குப் பிறகு கட்டிய வீடு என்றால் பாம் ஷெல்ட்டர் (குண்டுவீச்சின்போது ஒதுங்குவதற்கான சிற்றறை) இருக்கும். கம்பி கட்டிய கனத்த காங்கிரீட், இரும்புக் கதவு. ரவுட்டரை அதற்குள் அரிசி மூட்டைக்கும் பழைய பெட்டிகளுக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. இரண்டாவது பெட்டியையும் ஷெல்ட்டர் சுவருக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள். அறையில் லேன் முனை இருந்தால் இரண்டையும் ஒயரால் இணைப்பதுதான் உத்தமம்.

வெளியே தள்ளும் வசதியும் உண்டு. ஆசஸ் ரவுட்டர்களில் ‘ரோமிங் அசிஸ்டென்ட்’ என்பார்கள். சொன்ன அளவுக்குக் கீழே போனதை ரவுட்டர் துண்டித்துவிடும். அளவை ரொம்பக் கறாராக வைத்தால், எந்தப் பெட்டியும் சரியாக எட்டாத குளியலறை மூலையில் விட்டு விட்டு அறுந்துகொண்டே இருக்கும். எந்தப் பெட்டிக்கு மாறலாம் என்று தொலைபேசிக்கு யோசனை சொல்லும் 802.11கே, வி இரண்டையும் அமைப்புகளில் போட்டு வையுங்கள், தொந்தரவு இல்லை. பெட்டி மாறுவதை வேகமாக்கும் 802.11 ‘ஆர்’ வசதியைப் போட்டபின் பழைய பிரிண்டர் எதுவும் சேர மறுத்தால் அதை மட்டும் அணைத்துவிடுங்கள்.

நகராத சாமான்களுக்குத்தான் கட்டிப்போடும் வேலை. மின்சாரம் டிரிப் ஆகித் திரும்ப வந்ததும் பாருங்கள்: மெயின் ரவுட்டர் முதலில் எழுந்துவிடும், உள்ளறைப் பெட்டி மெதுவாகத்தான் வரும். அதற்குள் உள்ளறை டிவி, கேமரா எல்லாம் ஹாலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும். ஆசஸ் ஏஐமெஷ், டிபிலிங்க் டெக்கோ, யூனிஃபை மூன்றிலும் ஒரு சாதனத்தைக் குறிப்பிட்ட பெட்டியோடு பிணைக்கலாம். டிவி, கேமரா, பிரிண்டருக்கு அதைச் செய்யுங்கள். கைத்தொலைபேசிக்கு வேண்டாம், அது கையோடு வீடு முழுக்க அலைவது. பிணைக்கும் வசதியே இல்லாத பெட்டி என்றால் உள்ளறைப் பெட்டிக்கு மட்டும் இன்னொரு பெயர் கூடுதலாகக் கொடுத்து, டிவிக்கு அந்தப் பெயரை மட்டும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இணையச் சேவை நிறுவனம் கொடுத்த ரவுட்டரோடு சொந்தமாக மெஷ் (பல பெட்டிகள் ஒரே வலையாக இயங்கும் தொகுதி) வாங்கிப் போட்டிருந்தால், முதல் ரவுட்டரின் வைஃபையை அணைத்துவிட்டு மெஷ்ஷை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வைஃபை மட்டும் தரும் முறை) மாற்றுங்கள். இல்லையென்றால் வீட்டுக்குள் இரண்டு தனித்தனி வலைகள் ஓடும். தொலைபேசி ஒன்றில், பிரிண்டர் மற்றதில். அச்சடிக்கக் கொடுத்தால் பிரிண்டரையே காணோம் என்று சொல்லும், நீங்கள் சிக்னலைக் குறைசொல்லிக்கொண்டிருப்பீர்கள்.